நேர்க்கோட்டுத் தூரம்

சிங்கப்பூர் என்றால் ஒரு நாள் வாடகை.
லண்டன் ஒன்றரை.
சிட்னிக்கும் அதேதான், இணைப்பு விமானம் தவறாமல் இருந்தால்.
அமெரிக்கா என்றால் ஒன்றும் பேசாமல்
இரண்டு நாளுக்கு ரசீது கிழித்துவிடுவேன்.
ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவனுக்கு
பூமி இவ்வளவுதான்.

பரங்கிமலை, பட் ரோட்டுக்குப் பின்சந்து.
பெட்டிக்குள் பிலவேந்திரன்,
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர்.
மகள் ரெஜினா சியாட்டிலிலிருந்து வர வேண்டும்.
"எவ்ளோ தூரம் இருக்கும் தம்பி?" என்றார் அந்த அம்மா,
வாடகை கேட்கிற குரலில்.
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
நூல் பிடித்து அளந்தால்.
ஆனால் நூல் துபாயில் இறங்கி
இரும்பு நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

செவ்வாய் காலை அங்கே ஏறினால்
வியாழன் விடியுமுன் இங்கே, என்றேன்.
"நடுவுல புதன்கிழமை?"
அதற்கு என்னிடம் விலைப்பட்டியல் இல்லை.

புதன் முழுக்க மின்சாரம் விட்டு விட்டு வந்தது.
கம்ப்ரசர் இருமி இருமி ஓடியது.
யாரோ செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு
பால் வந்ததா என்று கேட்டார்கள்.
இரவில் என் செல்போனைச் சுற்றி ஏழெட்டுத் தலை:
ஒரு மஞ்சள் விமானம்
எறும்பு சர்க்கரையை இழுப்பதுபோல்
அரபிக்கடலை இழுத்துக்கொண்டு வந்தது.
நம் ஊரைத் தாண்டி, வங்கக்கடலுக்கே போய்,
திரும்பியது.

மூன்றே கால்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது.
பெட்டியின் கண்ணாடி அதிர்ந்தது.
எல்லாரும் அண்ணாந்தோம், மேலே கூரைதான் இருக்கிறது என்று தெரிந்தும்.
"வந்துட்டா" என்றார் அந்த அம்மா.

அப்போது அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே
இருநூறு மீட்டர்கூட இருக்காது.
அதுதான் ஆகக் குறைந்த தூரம்.
பிறகு அது கூட ஆரம்பித்தது:
ஓடுபாதையின் அந்தக் கோடி,
பாஸ்போர்ட் வரிசை,
சுற்றிச் சுற்றி வேறு யாருடைய பெட்டியையோ காட்டும் பட்டை,
"எந்த இடம் மேடம், பேமெண்ட் கேஷா?" என்று கேட்டுவிட்டு
ரத்து செய்த இரண்டு டாக்சிகள்.
நாலு கிலோமீட்டருக்கு
ஒன்றே முக்கால் மணி நேரம்.

சந்துமுனையில் இறங்கினாள்.
விமானத்தில் மாட்டிய கழுத்துத் தலையணை
இன்னும் கழுத்திலேயே இருந்தது.
அங்கிருந்து வாசலுக்கு இருபது அடி.
அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை,
ஸ்டெபிலைசரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் பதினொன்றுக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது
போன் வந்தது: ஆதம்பாக்கம், மகன் பெர்த்தில்.
பெர்த் என்றால் ஒரு நாள் போதும், என்றேன்.
கண்ணாடியில் ஒரு கை பதிந்திருந்தது, ஐந்து விரலும்.
பழைய தினசரியைக் கசக்கித் துடைத்தேன்.
துடைத்த இடத்தில் மறுபடி பனித்தது.
உள்ளே குளிர் இருக்கும்வரை அப்படித்தான்.