இருவர் விரிப்பு

நேஜா கோலென்ட்ஸ்.
பேரைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று
கரூரில் யாரைக் கேட்பது?

மரிபோர் நெசவாலையில் இராப்பணி அவளுக்கு.
பாவு அறுந்தால் ஓடுவாள்,
அறாத நேரத்தில் எழுதுவாள்
துளையட்டையின் முதுகில், பென்சிலால்.
பகலில் தூங்காமல்
அடுத்தவர் கவிதைகளை மொழிபெயர்த்தாள்,
ஹங்கேரியிலிருந்தும் செர்பியத்திலிருந்தும்,
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி.
சொந்தக் கவிதைக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை.
மொத்தம் ஐந்து புத்தகம். ஐந்தும் மெலிசு.

அந்த ஆலையை மூடிய வருசம்தான்
எங்கள் கம்பெனிக்கு
முதல் பெரிய ஆர்டர் வந்தது.
இரண்டையும் சேர்த்துப் பார்க்க
எனக்குப் பத்தொன்பது வருசம் ஆகியிருக்கிறது.
அதுவரை
கோப்பர் துறைமுகம், கோப்பர் துறைமுகம் என்று
இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன்.
பையர் ஒருத்தர் கெஸ்ட் ஹவுஸில் மறந்துபோன புத்தகம்
என் மேசைக்கு வராமல் இருந்திருந்தால்
இன்னும் அதையேதான் அடித்துக்கொண்டிருப்பேன்.

ஸெம் என்றால் நான் இருக்கிறேன்.
ஸ்மோ என்றால் நிறையப் பேர் இருக்கிறோம்.
நடுவில் ஸ்வா.
இரண்டே பேர்.
மூன்றாம் ஆள் உள்ளே வந்தால்
வினைச்சொல்லே எழுந்து இடம் மாறும்,
ஒறம்பரை வந்தால் கட்டிலை நகர்த்துகிற மாதிரி.

தமிழில் 'நாம்' என்று போட்டால்
படிக்கிற நீங்களும் வந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள்.
'நாங்கள்' என்றால்
உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினதாகிறது.
'நாங்கள் இருவர்' என்று எழுதிப் பார்த்தேன்.
ரேஷன் கார்டு.

கடைசிப் புத்தகத்தின் கடைசிக் கவிதை.
புருசன் மாட்டியாஷ் செத்து ஆறு மாசம்.
பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைக்
கதவுப் பிடியில் கட்டுகிறாள்.
எதிர் முனைகளோடு நடந்து போகிறாள்.
ஸ்லொஜிலா ஸ்வா என்று முடிக்கிறாள்.
அந்த மொழியில் ஒருத்தி மடித்தாலும்
அவனும் அவளுமாக மடித்தாலும்
ஸ்லொஜிலாதான்.
வால் மட்டும் வேறு.
பதிப்பாசிரியர் வாலை வெட்டி
ஸெம் என்று திருத்தினார், சிவப்பில்.
அவள் திரும்ப ஸ்வா என்றாள்.
மூன்று மெய்ப்பு இப்படியே போயிருக்கிறது.

பேக்கிங்கில் பழனாத்தாளும் ஹசீனாவும்
டபுள் விரிப்பு மடிப்பார்கள்.
ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறல்.
நடந்து வந்து விரல் முட்டி
ஒருத்தி வாங்கிக்கொள்ள
மற்றவள் குனிந்து தொங்கலை எடுத்துப் பின்னே போவாள்.
ஷிஃப்டுக்கு ஐநூறு தடவை சேர்ந்து
ஐநூறு தடவை பிரிகிறார்கள்.
பேச்சென்றால் "புடி", "வா", "உடு".
அவ்வளவுதான்.
யார் பிடிக்க, யார் விட, அதெல்லாம் இல்லை.

எட்டு மாதமாக எழுவாயைச் சுமந்துகொண்டிருந்தேன்.
அன்றைக்கு இறக்கி வைத்தேன்.

*கதவுப் பிடியில் இரண்டு முனை கட்டி
எதிரே நடந்து போய்
மடித்தோம்.*

மெய்ப்புப் பார்க்கிற பையன் மயிலானந்தன்
கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டபோது
பஸ் அமராவதிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.
"ஏனுங்க, அந்தம்மா வூட்டுல ஒருத்திதானுங்ளே?
மடித்தேன்னு மாத்தீரட்டுங்ளா?"

பின்னால் ஹாரன்.
"வேண்டாங்க" என்றேன்.

"தப்பாட்டம் தெரியுதுங்."

"தெரியட்டுங்."