இரண்டு நிமிடம் முன்னதாக

ஆறு வாரம் குளிரில் உட்கார்ந்திருந்தேன்.
தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்,
பல் டாக்டருக்கும் சாவி வெட்டுபவருக்கும்
நடுவில் அந்த அறை.
ஏர்கான் நேராக என் பிடரியில் ஊதியது.
சொல்லவில்லை.
காசு வாங்காமல் உட்காரச் சொன்ன நாற்காலியில்
குறை சொல்ல எனக்கு வராது.

"எப்படி இருக்கீங்க?" என்பார் ஷர்மினி.
"ஓகே லா" என்பேன்.
எழுதிக்கொள்வார்.
ஒரு ஓகேவை
எத்தனை வரிக்கு எழுத முடியும்?

பள்ளிக்கூடத் தமிழ் அவருக்கு.
மனவுளைச்சல் என்று முழுசாகச் சொல்வார்,
பரிசளிப்பு விழா மேடையில் நிற்பவர்போல.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது,
பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் அடைக்கிறது.
அதுவும் முதல் வாரம் சொன்னதோடு சரி.

என் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம்.
நான் பேசும்போது அவர் கண் அங்கே போகும்.
வரும்.
மறுபடி போகும்.
கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துப் பார்த்தே
பதினோரு வருடம் பஸ் ஓட்டியவள் நான்.
யார் எந்த நிறுத்தத்தில் எழுந்திருப்பார் என்பது
மணி அடிக்குமுன் தெரிந்துவிடும்.
இவள் எப்போது இறங்குவாள் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறார்,
அப்படித்தான் நினைத்தேன்.

ஏழாம் வாரம் மழை.
ஈரச் சீருடையோடு போயிருந்தேன்.
முட்டைத் தட்டோடு ஏறிய கிழவரைப் பற்றி
அன்றுதான் வாய் திறந்தேன்.
"அவர் மொதல்ல விழல.
முட்டைதான் மொதல்ல..."
கண் போனது.
நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நேரமாச்சுன்னா வாயால சொல்லிடுங்க.
சும்மா சும்மா கடிகாரத்தப் பாக்காதீங்க.
அப்புறம், இங்க குளிருது.
மொத நாள்லேருந்தே குளிருது."

சொன்னது நான்தானா என்றிருந்தது.
பின்னாலிருந்து யாரோ மணியை அழுத்திவிட்டு
கையை மறைத்துக்கொண்ட மாதிரி.

ஷர்மினி சிரிக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி
என் குடைக் காம்பால் ஏர்கானின் வாயைத் திருப்பினார்.
ஏறி நின்றபடியே பேசினார்:
"பாக்குறேன்தான்.
நீங்க அழும்போது டைம் முடிஞ்சிடக் கூடாதேன்னு பாக்குறேன்.
அத ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்.
சொல்லல. தப்பு என்னோடதுதான்."
கடிகாரத்தைக் கழற்றி
எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி
டிஷ்யூ பெட்டி பக்கத்தில் வைத்தார்.
சுவரில் ஒரு வெள்ளை வட்டம் மிச்சமிருந்தது.

"என்னைப் பத்தி வேற என்ன சொல்லாம வச்சிருக்கீங்க?"

என்னைப் பத்தி.
டாக்டர், சூப்பர்வைசர், கட்டிக்கொண்டவர்,
யாரும் கேட்டதில்லை இப்படி.

"மனவுளைச்சல்னு சொல்லாதீங்க."

"அப்ப என்னன்னு சொல்லட்டும்?"

"அடைப்பு."

எழுதினார். தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஐகாரம் விட்டுப்போயிருந்தது.
பேனாவை வாங்கி நானே போட்டேன்.
அந்தக் கோப்பில் இப்போது
என் கையெழுத்திலும் ஒரு கொம்பு இருக்கிறது.

மறுநாள் காலை பிராடல் ரோட்டில்
திரையில் செய்தி வந்தது:
இரண்டு நிமிடம் முன்னதாக ஓடுகிறாய், காத்திரு.
கதவைத் திறந்துவைத்து நின்றேன்,
பதினோரு வருடமாய் நிற்பதைப் போலவே.
முதுகுக்குப் பின்னால் "ச்சு" என்று நாக்குகள்.
சோம்பேறி என்று நினைப்பார்கள்.
நினைத்துவிட்டுப் போகட்டும் என்றுதான்
இத்தனை நாள் இருந்தேன்.

இருக்கையிலேயே திரும்பினேன்.
சீக்கிரம் வந்துட்டோம், ரெண்டு நிமிஷம் நிக்கணும் என்று
ஆங்கிலத்தில் சொன்னேன். மலாயில் சொன்னேன்.
தமிழில் கேட்க ஆளில்லை,
இருந்தாலும் சொன்னேன்.
ஒரு பையன் இறங்கி நடந்தே போய்விட்டான்.
ஒரு பெண் காதிலிருந்து எதையோ எடுத்துவிட்டு
"ஹா?" என்றாள்.
அவளுக்காக இன்னொரு முறை.

கிழவரின் கதை பாதியில் நிற்கிறது.
முட்டை உடைந்தவரைக்கும்தான் வந்திருக்கிறேன்.
வியாழக்கிழமை மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.
அதற்கு முன்னால் ஷர்மினியிடம்,
இப்போது அறை கொஞ்சம் புழுங்குகிறது என்றும்.