அலை உயரம் பூஜ்யம்

காலை ஐந்தரை, மாலை ஆறு.
டங்க்ரிகா துறையில், ஐஸ் ஆலைக்கு மேல்மாடியில்,
விசிறி சுற்றாத அறையில் உட்கார்ந்து
கடலை வாசிக்கிறேன்.
முதலில் ஆங்கிலம்,
பிறகு சார்த்தனேஹா பாய்மரக்காரர்களுக்கு ஸ்பானிஷ்,
கடைசியில் எங்கள் வீட்டுக் கரிஃபூனா.
காற்று இத்தனை நாட். அலை இத்தனை மீட்டர்.
பயம் எவ்வளவு என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் கிடையாது.

எலோதியோ மட்டும் உயரத்தைக் கேட்கமாட்டார்.
வயர்லெஸ் கரகரப்புக்குள்ளிருந்து ஒரே கேள்வி:
'எத்தனை விநாடி, செலெஸ்தீனா?'
ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே
கடல் எவ்வளவு நேரம் யோசிக்கிறது,
அவருக்கு அதுதான் வானிலை.
ஐந்து விநாடி என்றால்
உள்ளூர்க் காற்றின் சில்லறைச் சண்டை.
பத்தைத் தாண்டினால்
அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்,
பவளத்திட்டுக்கு வெளியிலிருந்து ஏழாம் மிதவை அனுப்பியது:
உயரம் அரை மீட்டர். இடைவெளி பதினாறு விநாடி.
ஜன்னலில் பார்த்தேன்.
இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது கடல்.
கம்பத்துக்கு ஒன்றாகக் கூழைக்கடாக்கள்,
இரைக்கும் போகாமல், தூங்கவும் தூங்காமல்.
பதினாறு விநாடி என்றால்
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
இன்னும் பெயர் வைக்காத ஒன்று
அவசரமே இல்லாமல் கதவைத் தட்டுகிறது.

'முணுமுணுப்புக்காரி' குளோவர் திட்டில் நின்றிருந்தாள்.
எட்டு முக்குளிப்பவர்கள், நான்கு தோணிகள்.
சிங்கி இறால்கள் பொந்தைவிட்டு
கல்யாண ஊர்வலம் போல வரிசையாகக் கிளம்புகின்றனவாம்,
கைநீட்டினால் போதுமாம்.
'ஒரே ஒரு நாள். இஞ்சின் கடனில் பாதி அடைந்துவிடும்.'

வாருங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
வாசிக்கத்தான் சம்பளம்.
பதினாறு என்று வாசித்தேன்.
மூச்சு வாங்கிக்கொண்டு
மறுபடியும் பதினாறு என்று வாசித்தேன்.
மூன்று மொழியிலும்.

புதன் இரவு ஐஸ் ஆலையின் தகரக்கூரை
தெருவைக் கடந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டது.
மூன்று புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி எட்டு.
ஒன்பது புள்ளி நான்கு.
அதற்குப் பிறகு ஏழாம் மிதவை வாய் திறக்கவில்லை.
எலோதியோவும்.

சனிக்கிழமை விடியலில் திரையில் ஓர் எண்.
அலை உயரம்: பூஜ்யம்.
தலைமை அலுவலகத்திலிருந்து டெல்வின் உஷர் கூப்பிட்டார்:
சங்கிலி அறுந்திருக்கும், கருவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது,
அடித்துவிடு.
சரி சார் என்றேன்.
மாலை ஆறு மணிக்கு வாசித்தேன்:
ஏழாம் மிதவை, அலை உயரம் பூஜ்யம்.

மூன்று பஸ் மாறி வந்த ப்ரிமித்தீவா,
எலோதியோவின் மனைவி,
மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.
பூஜ்யம் என்றால் என்ன என்றாள்.
தெரியாது என்றேன்.
தெரியாததை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

திங்கள் மதியம். வாசிக்கும் நேரமே இல்லை அது.
'செலெஸ்தீனா, உன் மஞ்சள் பூதம் இங்கே கிடக்கிறது.
டர்னெஃப் ஓடைக்குள்ளே, கண்டல் வேர்களுக்கு நடுவே,
சாய்ந்து, மேலெல்லாம் சிப்பி.
எங்கள் நங்கூரக் கயிறு போய்விட்டது.
இதன் சங்கிலியில்தான் மூன்று நாளாகப் படகைக் கட்டியிருக்கிறோம்.
ஆன்டெனா முறிந்துபோய்
கொத்துக்கம்பியில் இப்போதுதான் சுற்றினேன்.'

எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.
'ஒரே எண்ணை இரண்டு தடவை வாசிக்க
அரசாங்கம் உனக்குச் சம்பளம் தருவதில்லை.
அதனால் உடனே கிளம்பிவிட்டோம்.'
பிறகு குரல் மாறியது:
'ஐஸ் கரைந்து, நானூறு பவுண்டு சிங்கி நாறிப்போயிற்று.
அதை யார் தருவார்கள், கேட்டுச் சொல்.'

ப்ரிமித்தீவா மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.
அவள் சொன்னதைப்
பதிவேட்டில் எழுத முடியாது.

டெல்வின் உஷர் படிவம் அனுப்பியிருக்கிறார்:
மிதவை எண் ஏழு, தவறான அளவு, மூன்று நாட்கள்.
பிழையின் காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன்.

பிழை இல்லை, சார்.
அங்கே தண்ணீர் அப்படித்தான் இருந்தது.