இரண்டு கிலோ கமலா ஆரஞ்சு

குட்டாய்சி நகரில் ஜனவரி.
மூடிப்போன பட்டு ஆலையின் கிடங்கில் ஒத்திகை.
வசனம் பேசினால் வாயிலிருந்து புகை.

நான் நடிக்கிறவன் இல்லை.
மறந்த வரியை எடுத்துக் கொடுப்பவன்,
கடிகாரம் பார்ப்பவன்,
குறிப்பேட்டில் எழுதுகிறவன்:
"இன்று அரசன் பதினோரு முறை செத்தான்.
ஒன்றும் தேறவில்லை."

அரசன் தோர்னிகே.
நல்ல நடிகன், அதுதான் சிக்கல்.
விழ வேண்டிய இடத்தில் விழுவான்,
நெஞ்சைப் பிடிக்க வேண்டிய சொல்லில் பிடிப்பான்,
கடைசி மூச்சைக்கூட
வங்கிக் காசாளர் மாதிரி
எண்ணித்தான் வெளியே விடுவான்.
மூன்று வாரமாக இயக்குநர் குவான்சாவின் வாயில்
ஒரே சொல்: "மறுபடி."

பன்னிரண்டாம் சாவில் மின்சாரம் போயிற்று.

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
மகளாக நடிக்கும் நெஸ்தான்
பையைத் துழாவிப் பழம் ஒன்றை எடுத்து
"அப்பா, பிடி!" என்று எறிந்தாள்.
அது சுவரில் மோதி எங்கோ உருண்டது.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை.
கைபேசி வெளிச்சத்தில் பழங்கள் பறந்தன.
முதுகுவலிக்காரத் தளபதி ஜூரா
தவழ்ந்துபோய்ச் சிம்மாசனத்தின் அடியில் ஒளிந்தார்.
சட்டம் எப்படியோ பிறந்தது:
தவறவிட்டவர் சாக வேண்டும்,
ஒருவர் செத்த மாதிரி இன்னொருவர் சாகக் கூடாது.
தும்மிச் செத்தார்கள்.
கொட்டாவி பாதியில் நிற்கச் செத்தார்கள்.
சேடிப் பெண் ஒருத்தி
எரிவாயு பில்லைப் பிரித்துப் படித்தபடி செத்தாள்.
நானும் செத்தேன், பிரதியோடு.
தாள்கள் சிதறின. இன்றைக்கும் அதில்
எட்டாம் பக்கத்துக்குப் பின் பதினாறு.

எங்கள் மொழியில்
நடிப்பதற்கும் விளையாடுவதற்கும் ஒரே சொல்:
தமாஷி.
சொல் மறக்கவில்லை. நாங்கள்தான்.

அப்போது தோர்னிகே ஒன்றைத் தவறவிட்டான்.
விழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை.
நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தான்,
அடுத்தது வரும் என்பது போல.
வரவில்லை.
சிரிப்பு ஒவ்வொரு மூலையாக அடங்கியது.
நெஸ்தான், தன்னை அறியாமல்,
நாடகத்தில் அவளுக்கு இருந்த அந்த ஒற்றை வரியைச் சொன்னாள்.
குவான்சா "மறுபடி" சொல்லவில்லை.

மறுநாள் அதையே செய்து பார்த்தோம்.
பழம் வந்தது, கை நீண்டது,
செத்த பாம்பை அடித்துக்கொண்டிருந்தோம்.
குவான்சா மிச்சத்தை உரித்து
சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்தாள்.
"தின்னுங்கள். வேறு ஏதாவது விளையாடுவோம்."
அன்று கண்ணாமூச்சி.
அதற்கடுத்த நாள் எதுவும் வாய்க்கவில்லை,
சும்மா கத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விளையாட்டு வினையாகும் என்று மிரட்டுவார்கள்.
ஆகட்டுமே,
வினை என்றால் வேலையும்தானே.

அரங்கேற்றத்தில் பழம் கிடையாது.
தோர்னிகே எப்படிச் செத்தான் என்று கேட்காதீர்கள்,
அடுத்த இரவு வேறு மாதிரி.
ஆனால் நாலாம் வரிசையில் கோட் போட்ட ஒருவர்
தன் பைகளைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்,
எறிவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று.

மாதக் கடைசியில் கணக்கர் லமாரா
என் குறிப்பேட்டைப் புரட்டினாள்.
"மின்வெட்டு. நாற்பது நிமிடம் வீண்" என்றிருந்தது.
"சரி, இந்த இரண்டு கிலோ கமலா ஆரஞ்சு?
எந்தத் தலைப்பில் எழுத?"
"மேடைப் பொருள்" என்றேன்.
"நான் மேடையில் பார்க்கவில்லையே."

மேசை இழுப்பறைக்குள்
தோல் சுருங்கிய கடைசிப் பழம் ஒன்று கிடந்தது.
எறிந்தேன்.