பொதுச்சுவர்

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
ஒரே கூரையை நடுவில் வகுந்து
ஆளுக்குப் பாதி என்று கொடுத்த வீடுகள்.
இந்தப் பாதியில் நான்,
இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுப்
பகலில் தூங்குகிறவள்.
அந்தப் பாதியில் கெர்ஷன் மூட்லி,
பகலில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன்.

சுவர் எல்லாவற்றையும் விடாது.
அவன் போடும் ரெக்கார்டின் குரலும் வயலினும்
அந்தப் பக்கமே நின்றுவிடும்.
அடியில் ஓடும் சத்தம் மட்டும்
செங்கல்லுக்குள் புகுந்து
கட்டில் காலில் ஏறி
என் விலாவில் வந்து உட்காரும்.
காதுக்கு முன்னால் எலும்புக்குத் தெரிந்துவிடும்.
அலமாரியில் ஆறு கண்ணாடித் தம்ளர்.
அதில் ஒன்றே ஒன்று
ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் நடுங்கும்.
மற்ற ஐந்துக்கும் அது சங்கதியே இல்லை.

முதல் வாரங்களில் அவன் கொட்டினான்.
வேறு வார்த்தை இல்லை.
சந்தையில் பட்டாணி அளக்கிறவன்
படி நிறைந்த பிறகும்
மேலே ஒரு பிடி, அதற்கு மேலே ஒரு பிடி
குவிப்பானே, அப்படி.
விரல் வேகம் அபாரம்தான்.
எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்.
விடிகாலை நாலரைக்கு ஆறாம் கட்டில்காரர் போய்விட்டார்.
மகளுக்கு நான்தான் போன் செய்தேன்.
வீட்டுக்கு வந்து படுத்தால்
சுவருக்குள் பட்டாணி.
எழுந்து, கையை முட்டியாக மடக்கி
இரண்டு குத்து.
டொம். டொம்.
நின்றது.

மறுநாள் பதினோரு மணிக்குத்தான் மறுபடி ஆரம்பித்தான்.
மூன்று சுரம், மெதுவாக, படி இறங்குவதுபோல்.
நாலாவது படிக்குக் காலைத் தூக்கினான்.
வைக்கவில்லை.
இரண்டு தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம்.
பிறகு கீழே, மிகக் கீழே, ஒரு சுரம்.
தம்ளர் நடுங்கியது.
மறுபடி அதே மூன்று. அதே பள்ளம்.

எனக்குப் புரிய நாலு சுற்று ஆனது.
அது என் கோபத்தின் அளவு.
கை விழுந்த இடத்தை
அப்படியே ஒதுக்கி வைத்திருக்கிறான்,
பந்திக்கு இன்னும் வந்து சேராத ஒருவருக்கு
இலை போட்டு வைப்பதுபோல்.

மின்வெட்டு நாட்களில் ஆம்ப் செத்துக் கிடக்கும்.
வெறும் கம்பியில் அதையே மீட்டிக்கொண்டிருப்பான்.
சுவரில் காது வைத்தால்தான் கேட்கும்.
வைத்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஈஸ்டரை ஒட்டி, கூட வேலை பார்க்கும்
தேஷ்னியின் தம்பிக்குக் கல்யாணம்.
தங்கநிறக் கோட்டில் பாடகர்.
மண்டியிட்டு வளைந்து வளைந்து வாசிக்கும் லீட் கிட்டார்.
டிரம்ஸ் நிழலில் கெர்ஷன்,
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.
ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.
எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டு.
அதன் அடியில், சொல்லாமல் கொள்ளாமல்,
மூன்று சுரம்.
பள்ளம்.

மேடைக்கு முன் ஆடிய தோள்கள் அந்தரத்தில் நின்றன.
பிரியாணிக் கரண்டியோடு ஒருவர்
பருப்புக்காரர் மேல் மோதாமல் நின்றார்.
என் கை, என்னைக் கேட்காமல், மேஜையில்
டொம். டொம்.
ஸ்பூன் துள்ளி விழுந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
சிரிக்கவில்லை.
வரவேண்டிய கீழ்ச்சுரத்தை
ஒரு மயிரிழை பிந்தி விட்டான்.
மண்டபத்தின் தரை அதை வாங்கி
எல்லோர் குதிகாலுக்கும் பங்கு வைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில்
என்ன பாட்டு அது என்று தேஷ்னியின் அம்மா கேட்டார்.
பல்லவி நினைவில்லை.
கார்க் கதவில் விரலால் தட்டிக் காட்டினேன்.
"ஆமாம், அதேதான்," என்றார்.

வியாழக்கிழமை, குப்பை எடுக்கும் நாள்.
கறுப்புப் பையோடு வாசலில் நின்றான்.
"தூங்க விடமாட்டேங்கிறேனா அக்கா?"

"நாலாவது சுற்றில் அவசரப்படுகிறாய்," என்றேன்.
"கொஞ்சம் இரு.
நான் வந்துவிடுவேன்."