ரெண்டு மணிக்குத் தொறக்கணும்

பிலோமினா கேட்டது ஒன்றே ஒன்று:
"ராத்திரி ரெண்டு மணிக்குத் தொறந்தா
தொறக்கணும்."

நான் பதினோரு பத்திகளில்
அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.
ப்ராசஸர் எத்தனையாவது தலைமுறை,
சூடேறினால் வேகம் எவ்வளவு இறங்கும்,
அடிப்பலகையைக் கழற்ற எத்தனை திருகு.
வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறியதும் காட்டினேன்.
"நல்லா கலர் அடிச்சிருக்க" என்றாள்.

அவள் தொழில் ஐஸ் பெட்டி வாடகை.
கல்மண்டபம் பக்கம் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும்
முதல் போன் சொந்தக்காரனுக்கு இல்லை, அவளுக்கு.
பெட்டி, ஷாமியானா, நாற்காலி ஐம்பது,
அப்புறம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
அது மட்டும் விடிவதற்குள் சுவரேறியாக வேண்டும்.

ரிச்சி தெருவில் ஏழாவது கடை.
நான் ராம் கம்பெனி எது என்று கேட்டுக்கொண்டிருக்க
கடைப்பையன் அவளிடம் சொன்னான்:
"மேடம், வெயிட்டே இல்ல. பை ஃப்ரீ."
பையை வாங்கி
ஜிப்பை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்,
பென்ச்மார்க் எண்களை நான் பார்க்கும்
அதே முகத்தோடு.

கடைசியில் ஜெயித்தது என் அட்டவணைதான்.
அன்றிரவே பழையதைத் துடைத்து
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன்.
காசில்லை, வைரஸ் இல்லை,
யாரும் உன்னை வேவு பார்க்க முடியாது என்றேன்.
"பாத்தா பாத்துட்டுப் போறான். எல்லாம் பொணம்."
யூனிகோடு பற்றி நாற்பது நிமிடம் பேசினேன்.
உன் பழைய எழுத்துரு வெறும் வேஷம்,
உள்ளே இருப்பது ஆங்கிலம்,
மேலே தமிழ் முகமூடி என்றேன்.
தலையாட்டினாள்.
தலையாட்டலை நான் கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வியாழன் இரவு
காசிமேட்டில் ஒரு படகுக்காரர் போய்விட்டார்.
கோப்பைத் திறந்திருக்கிறாள்.
முகம் வந்தது, மாலை வந்தது,
இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வந்தது.
பெயர் இருந்த இடத்தில்
கட்டம் கட்டம் கட்டம்.
அச்சகத்திலிருந்து போனுக்கு மேல் போன்.
விடிந்தபோது அவர் வீட்டுச் சுவர்
வெறும் சுவராக இருந்தது.

என்னை ஏன் கூப்பிடவில்லை?
"கூப்ட்டா நீ காரணம் சொல்லுவ."

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து.
அதற்குள் அந்த ஏழாவது கடைப்பையன்
முந்நூறு ரூபாய்க்குத்
திருட்டு விண்டோஸ் போட்டு
அந்தப் பழைய எழுத்துருவையும் போட்டு
மவுஸ் பேட் ஒன்றும் கொடுத்திருந்தான்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் அவளே மாடியேறி வந்தாள்:
"உன்னுது ஓப்பன் சோர்ஸுதான், ஒத்துக்கறேன்.
அவன் கடை பத்து மணிக்கு ஓப்பன்."

என் மேசையில் நானே பூட்டிய பெட்டி இருக்கிறது.
குளிர்விக்க மட்டும் மூன்று விசிறி.
நான்கு நொடியில் எழும்.
எழுந்த பிறகு அதை வைத்து
என்ன செய்வது என்று யோசிக்க
எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.
பெரும்பாலும்
அதை இன்னும் வேகமாக்குவேன்.

டிசம்பரில்
என் சித்தப்பா மகன் கருணாகரன்.
ஸ்டான்லியிலிருந்து கொண்டுவந்தபோது மணி இரண்டேகால்.
அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.
திறந்தது.
திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில்
இது அசல் இல்லை என்று ஒரு அறிவிப்பு.
அதன் மேலேயே சுட்டியை ஓட்டிப் போய்
வயதைக் கேட்டாள். சொன்னேன்.
இன்னொரு முறை கேட்டாள்.

இருபது நிமிடம்.
ஈரம் காயாத போஸ்டரை விரித்துப் பிடித்தாள்.
கடைசி 'ன்' மேல் புள்ளி
இம்மியளவு வலப்பக்கம் நழுவியிருந்தது.
பழைய எழுத்துருவில் அப்படித்தான் நழுவும்,
ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

"சரியா இருக்கா?"

பசை வாளியைத் தூக்கிக்கொண்டு
அவள் பின்னால் நடந்தேன்.