பச்சை மூடி

வெற்றுக் குழியில் எதுவும் நடக்கக் கூடாது.
அதற்குத்தான் அது.
எதையும் கலக்காமல் விட்ட இரத்தம்
முப்பத்தேழு பாகையில் இரவெல்லாம்
சும்மா கிடக்க வேண்டும்.

முதலில் ஒன்றிரண்டு பேர்.
நோயாளிகள்தானே என்று கையெழுத்திட்டு விட்டேன்.
பிறகு ஒரு திங்கட்கிழமை ஒன்பது பேர்,
செவ்வாய் பதினான்கு,
புதனன்று வந்த அத்தனை இரத்தமும்
வீடு பற்றிக்கொண்டதுபோல் கத்தியது.
நொவீனாவில் ஏழாம் மாடி. கீழே மழை,
குடைகள் மட்டும் நகர்ந்தன.
"ஊருக்கே காய்ச்சலா?" என்றாள் ஃபரிஹா.
ஊர் கோப்பிக் கடையில் வரிசை பிடித்து நின்றது,
நன்றாகத்தான் இருந்தது.

இயந்திரத்தைச் சந்தேகித்தோம்.
தண்ணீரை, குளிர்பெட்டியை,
கடைசியில் ஒருவரையொருவர்.
புதிதாய்ச் சேர்ந்த யோங் ஷெங் மூன்று நாள்
யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வியாழன் இரவு என் கையை நீட்டினேன்.
ஒரே நரம்பு, ஒரே ஊசி, இரண்டு குழாய்.
அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன பெட்டியிலிருந்து ஒன்று,
புதுப் பெட்டியிலிருந்து ஒன்று.
இரண்டுக்கும் பச்சை மூடி,
கிருமி நீக்கப்பட்டது என்ற அதே வரி.

காலையில்
பழைய குழாயில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
புதியதில் எனக்கு உயிர்போகிற நோய்.

வரி பொய்யில்லை.
கிருமி செத்துத்தான் இருந்தது.
செத்ததன் மேலுறை கொஞ்சம்,
சிட்டிகைக்கும் எட்டாத அளவு,
உட்சுவரில் ஒட்டியிருந்தது.
கதிர் கொல்லும்; கழுவாது.
பாம்புச் சட்டையைப் பார்த்துத்
தெருவைக் கூட்டிவிட்டன என் வெள்ளணுக்கள்.
அவற்றை என்ன சொல்ல?

பெட்டிகளைச் சிவப்பு நாடாவால் கட்டினோம்.
பதினொரு வாரம், நானூற்றுப் பன்னிரண்டு முடிவுகள்.
"செல்லாது" என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
கணினியில் ஒரே சொடுக்கில் முடியும்,
மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வந்தார்
திரு குவெக். தோ பாயோவில் பேருந்து ஓட்டுநர்.
ஒன்பது வாரமாக ஸ்டீராய்டு.
அடையாள அட்டையில் ஒடுங்கிய கன்னம்.
"இப்போது பாவ் மாதிரி," என்று அவரே சிரித்தார்,
"பன்றி இறைச்சி வைத்தது."

"குழாய்தானே அழுக்கு?"
"ஆமாம்."
"அப்போ என் ரத்தம் சுத்தம்."
"இருக்கலாம். இன்று பார்த்துவிடுவோம்."
கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தினார்.
குழி விழுந்து, மெல்ல நிறைந்தது.
"இது மட்டும் நிஜம், இல்லையா?"

நான் பட்டையைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

இந்தப் பெட்டி வேறு தொகுதி.
சோதித்தாயிற்று, இரண்டு முறை.
ஆனாலும் குழாயை விளக்கொளியில் திருப்பினேன்,
பார்த்தால் தெரிந்துவிடும்போல.
அவரும் குனிந்து பார்த்தார்.
உள்ளே ஒன்றுமில்லை.
அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"கையை இறுக்கி மூடுங்கள்," என்றேன்.
மூடினார்.